ஒரே டிக்கெட், இரண்டு விமானம்: கனெக்‌ஷன் தவறினால் இழப்பீடு கிடைக்குமா?

வடதிசை (கேள்வி)

பாரிஸிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்) இரண்டு பேருக்கு டிக்கெட். வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். இரண்டையும் இயக்குவது ஒரே நிறுவனம், அது ஐரோப்பிய நிறுவனம் அல்ல. பாரிஸ் விமானம் 1 மணி 40 நிமிடம் தாமதம். அதனால் அடுத்தது போய்விட்டது. மாற்று விமானத்தில் சிங்கப்பூர் சேரும்போது 8 மணி நேரத் தாமதம்.

இழப்பீடு கேட்டதற்கு வந்த பதில்: முதல் விமானத்தின் தாமதம் 3 மணிக்கும் குறைவு, இரண்டாவது விமானம் ஐரோப்பாவுக்கு வெளியே கிளம்பியது, காரணம் "செயல்பாட்டுச் சூழல்", நல்லெண்ணமாக ஒரு வவுச்சர் தருகிறோம். இதை ஏற்க வேண்டுமா? லக்கேஜும் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. மாற்றுடை வாங்கிய ரசீதுகள் இருக்கின்றன.

ஓடுதளம்

வவுச்சரை ஏற்காதீர்கள். அவர்கள் சொல்லும் மூன்று காரணமும் நிற்காது.

உங்களுக்குப் பொருந்துவது விமானத் தாமத இழப்பீடு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி. ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால், எந்த நாட்டு நிறுவனமானாலும் அது கட்டுப்படுத்தும். தாமதத்தைக் கணக்கிடுவது கடைசி இலக்கில்தான். 2013-இல் ஃபோல்கெர்ட்ஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: முதல் விமானம் எவ்வளவு தாமதம் என்பது பொருட்டல்ல, இறுதியில் 3 மணியோ அதற்கு மேலோ தாமதமா என்பதுதான் கேள்வி.

"ஐரோப்பாவுக்கு வெளியே" என்ற வாதத்துக்கு 2018-இன் வெகனர் தீர்ப்பே பதில். அது பெர்லினிலிருந்து மொராக்கோவின் காசாபிளாங்கா வழியாக அதே நாட்டின் அகாதிர் போன பயணம். ஒரே முன்பதிவு என்றால் முழுப் பயணமும் ஒரே அலகு. ஒன்றியத்துக்கு வெளியே விமானம் மாறினாலும் அது உடையாது. 2019-இல் பிராக் – அபுதாபி – பாங்காக் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே தாமதமானது வேறு நிறுவனம் ஓட்டிய இரண்டாவது விமானம். ஆனாலும் முதல் விமானத்தை ஓட்டிய நிறுவனமே பயணிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு. கோட்ஷேர் டிக்கெட் (ஒரு நிறுவனம் விற்று வேறு நிறுவனம் ஓட்டுவது) வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொகை தூரத்தைப் பொறுத்தது: 1,500 கி.மீ. வரை 250 யூரோ. அதற்கு மேல் 3,500 வரை 400. அதையும் தாண்டினால் 600. தூரம் என்பது முதல் புறப்பாட்டுக்கும் கடைசி இலக்குக்கும் நேர்க்கோட்டில் அளப்பது, நீங்கள் சுற்றிப் போன வழி கணக்கில் வராது. 3,500 கி.மீ.-க்கு மேலான பயணத்தில் தாமதம் 4 மணிக்குள் இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். உங்களுக்கு 8 மணி, ஆகவே ஆளுக்கு முழு 600. பணமாகவோ வங்கி வழியாகவோ காசோலையாகவோ தர வேண்டும். வவுச்சர் என்றால் பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்திருக்க வேண்டும்.

குறிப்பேடு

மேலே சொன்னது சரி. ஆனால் உண்மையான சண்டை நடக்கப்போவது காரணத்தில். "செயல்பாட்டுச் சூழல்" என்பது காரணமே அல்ல. தவிர்க்க முடியாத அசாதாரண நிகழ்வு என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. எனவே எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: புறப்பாட்டுத் தாமதத்துக்குப் பதிவான ஐயாட்டா (உலக விமான நிறுவனங்களின் சங்கம்) தாமதக் குறியீடு என்ன? 41 என்றால் விமானக் கோளாறு. 93 என்றால் விமானம் முந்தைய பயணத்திலிருந்து தாமதமாக வந்தது. 81 வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. 71, 72 போன்றவை வானிலை.

வழக்கமான இயந்திரக் கோளாறு அசாதாரணம் ஆகாது (2008, வாலெண்டின்-ஹெர்மன்). சொந்த ஊழியர்களின் சம்பளக் கோரிக்கை வேலைநிறுத்தமும் ஆகாது. பறவை மோதல் ஆகும், ஓடுதளத்தை மூடும் புயலும் ஆகும். சிக்கலானது 93 தான். முந்தைய பயணத்தில் நடந்த அசாதாரண நிகழ்வை நிறுவனம் காட்டலாம், ஆனால் நேரடித் தொடர்பை நிரூபிக்க வேண்டும். அதோடு, தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்ததாகவும் காட்ட வேண்டும். உங்களுக்குத் தந்த மாற்று விமானத்தைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும் வேறு விமானத்தில் இடம் இருந்தும் தரவில்லை என்றால் அங்கேயே அவர்கள் வாதம் சரியும். அந்த நாளில் அதே தடத்தில் என்னென்ன விமானங்கள் போயின என்று இப்போதே பார்த்து எடுத்து வையுங்கள். நாள் போனால் அந்தத் தகவல் கிடைப்பது கடினம்.

சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்டது அல்ல, கதவு திறந்தது. 2 மணி 55 நிமிடத்துக்கும் 3 மணி 5 நிமிடத்துக்கும் இடையே தொங்கும் பயணங்களில் இந்தப் பத்து நிமிடம்தான் முழுத் தொகை.

நீள்வானம்

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரும்பும் பயணத்துக்கு இதே விதி தானாகப் பொருந்தாது. வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும்போது இயக்குவது ஒன்றிய நிறுவனமாக இருக்க வேண்டும். இரு முனையும் வெளியே, ட்ரான்சிட் மட்டும் ஐரோப்பாவில் என்றால் ஒன்றுமே கிடையாது. கிஷினாவ் (மால்டோவா) – வியன்னா – பாங்காக் ஒரே முன்பதிவு பற்றிய 2022 தீர்ப்பு அதுதான், ஓட்டியது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தும்கூட. ஃபிராங்க்ஃபர்ட்டில் காத்திருந்தோமே என்று 600 யூரோ கேட்பவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பிரிட்டன் தன் சட்டத்தில் இதே அமைப்பை வைத்திருக்கிறது: 220, 350, 520 பவுண்ட். கனடாவுக்குச் செல்லும், அங்கிருந்து கிளம்பும் பயணங்களில், தாமதம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்து பாதுகாப்புக்காக அல்லாததாக இருந்தால், பெரிய நிறுவனங்கள் தர வேண்டியது 3 மணி முதல் 400 கனடிய டாலர், 6 மணி முதல் 700, 9 மணி முதல் 1,000. ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். அமெரிக்காவில் தாமதத்துக்குக் கட்டாய இழப்பீடு இல்லை.

தனித்தனி டிக்கெட் எடுத்து நாமே கனெக்‌ஷன் போட்டுக்கொண்டால், தவறிய இரண்டாவது விமானம் நம் தலையில். விதிவிலக்கு ஒன்று: ஏஜென்சி பல விமானங்களைச் சேர்த்து மொத்தமாக ஒரே விலை வாங்கி ஒரே டிக்கெட்டாகக் கொடுத்திருந்தால் அது ஒரே பயணமாகவே கருதப்படும் (2022 தீர்ப்பு). ஆகவே ஏஜென்சியின் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

வடதிசை

மிக்க நன்றி. லக்கேஜுக்கும் இதே விதியா? வழக்குப் போட நேர்ந்தால் எங்கே?

ஓடுதளம்

லக்கேஜ் தனி. அது 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை. விமான நிலையத்தில் பிஐஆர் (லக்கேஜ் வரவில்லை என்று பதியும் படிவம்) எழுதியிருப்பீர்கள், அது போதாது. பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். பெட்டி சேதமானால் 7 நாள்தான். இந்தக் கெடு போனால் உரிமையே போய்விடும், வேறு எதற்கு முன்னாலும் இதைச் செய்யுங்கள். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அது உச்சவரம்பு மட்டுமே. ரசீது காட்டும் நியாயமான செலவுதான் கிடைக்கும். வழக்குக்கு இரண்டு ஆண்டு.

261-க்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் 5 ஆண்டு. ஜெர்மனியில் பயணம் நடந்த ஆண்டு முடிந்த பிறகு 3 ஆண்டு. முதல் புறப்பாட்டு இடத்தின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம், உங்களுக்கு அது பாரிஸ்.

கமிஷன் எடுத்துக்கொண்டு இழப்பீடு வாங்கித் தரும் நிறுவனத்திடம் போகும் முன் நீங்களே ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பிஎன்ஆர், இரண்டு விமான எண்கள், திட்டமிட்ட நேரமும் உண்மையில் கதவு திறந்த நேரமும், விதியின் எண், வெகனர் தீர்ப்பின் பெயர், ஆளுக்கு 600 யூரோ, வங்கிக் கணக்கு, பதிலுக்கு ஒரு தேதி. போர்டிங் பாஸ்களின் படமும் சேருங்கள். இரண்டு பயணிகளின் பெயரையும் தனித்தனியே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் போனால் ஒருவர் தொகையோடு நிறுத்திவிடுவார்கள்.