புதுப்பிப்பு: வான்கூவருக்கு மாறாத அந்த 11 மேற்கோள்கள்

ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள்களைச் செருகும் மென்பொருளான ஸோடெரோவில், பெயர்-ஆண்டு காட்டும் ஏபிஏ பாணியை எண் காட்டும் வான்கூவர் பாணியாக மாற்றியும் 11 மேற்கோள்கள் மட்டும் எண்ணாகாமல் பெயர்-ஆண்டாகவே நிற்கின்றன என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, காரணம் கிடைத்துவிட்டது. கூட எழுதியவர் அந்தப் பத்திகளை மெயிலில் ஒட்டித் திருத்தி அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்தது ஸோடெரோ இணைப்பு அறுந்த வெறும் எழுத்து. வேர்டில் மேற்கோள் மேல் கிளிக் செய்தால் சாம்பல் நிறம் விழ வேண்டும்; இவற்றுக்கு விழவில்லை. அழித்துவிட்டு ஒவ்வொன்றாக மறுபடி செருகினேன், எண்கள் வரிசைக்கு வந்தன. ஆசிரியர்கள் 6 பேருக்கு மேல் போனால் ‘எட் ஆல்’ (மற்றும் பிறர்) போடுவதையும் அதுவே பார்த்துக்கொண்டது.

இன்னொரு கூத்து: இனிஷியல் வைத்த நம்மூர் ஆசிரியர் ஒருவருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்தது. கையால் திருத்தினேன்.

மேற்கோள்களை ஸோடெரோவிலிருந்து துண்டித்து வெறும் எழுத்தாக்கும் ‘அன்லிங்க்’ பொத்தானை அழுத்துவதற்கு முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள். நான் எடுத்துவிட்டேன், கட்டுரையை இன்றிரவு அனுப்புகிறேன்.