இரைப்பையை வெளியே தள்ளுவதற்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான விலங்கியல் குறிப்பு நாளை மாலை அச்சுக்குப் போகிறது, முட்தோலிகளில் (நட்சத்திர மீன் போன்ற முள்தோல் கடலுயிர்கள்) மாட்டிக்கொண்டேன். நட்சத்திர மீன் சிப்பியைக் குழாய்க்கால்களால் பற்றி இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடு 0.1 மில்லிமீட்டர் விலகினால் போதும், தன் இரைப்பையை வாய்வழியே உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அந்த இடுக்கில் நுழைத்து, சிப்பியை அதன் வீட்டுக்குள்ளேயே செரித்துவிடும். இந்த 'எவர்ஷன்' என்பதற்கு 'புரட்டல்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

---

> புரட்டல்

வேண்டாம் அம்மா. வயிற்றைப் புரட்டினால் வாந்தி, வெறும் புரட்டு என்றால் பித்தலாட்டம். 'மறித்தல்' இருக்கிறதே, தலைகீழாகத் திருப்புதல் என்ற பொருளில் பழைய சொல். அதைவிட, 'நட்சத்திர மீன்' என்பதை முதலில் திருத்துங்கள். மின்னுவதால்தான் மீன், அறுமீன் கார்த்திகை, வடமீன் அருந்ததி. வடசொல்லை முன்னால் ஒட்டினால் 'நட்சத்திர நட்சத்திரம்' ஆகிறது. உடு என்றால் விண்மீன், 'கடலுடு' என்க.

---

கடலுடு என்றால் கடலை எப்படி உடுத்துவது என்று கேட்பார்கள் ஐயா. மறித்தலும் ஆகாது. 'இரைப்பை மறியல்' என்று படித்தால், கொடியோடு நாலு பேர் சிப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தெரிகிறது. தொல்காப்பிய மரபியலில் மறி ஆட்டுக்குட்டி வேறு!

---

சொல் கிடக்கட்டும், உடலமைப்பைச் சரியாக எழுதுங்கள். நட்சத்திர மீனுக்கு இரைப்பை இரண்டு. வாயை ஒட்டியதுதான் வெளியே வரும். மேலே இருப்பது உள்ளேயே இருந்து, பாதி செரித்த கூழை வாங்கி ஒவ்வொரு கைக்குள்ளும் இருக்கும் சுரப்பிகளுக்கு அனுப்பும். வெளியே வருவதைக் 'கார்டியாக்' என்பார்கள், தயவுசெய்து 'இதய இரைப்பை' ஆக்கிவிடாதீர்கள். நான் வகுப்பில் தலையணை உறைக்குள் கையை விட்டு, மூலையைப் பிடித்து இழுத்துக் காட்டுவேன், தையல் எல்லாம் வெளியே தெரியும். அப்புறம் சொல்லே தேவைப்படாது. கட்டாயம் வேண்டுமென்றால் 'வெளித்திருப்பல்'.

---

வெளித்திருப்பல், சரி.

---

எனக்கும் சரி. 'பிதுக்கம்' மட்டும் வேண்டாம், குடலிறக்கம் மாதிரி நோய் என்று நினைப்பார்கள்.

---

நன்றி. 'வெளித்திருப்பல்' என்றே அனுப்பிவிட்டேன், அடைப்புக்குள் எவர்ஷன். நட்சத்திர மீன் அப்படியே இருக்கிறது, மன்னிக்கவும்.

---

எனக்கு உடன்பாடில்லை. திருப்பல் என்றால் எதைத் திருப்பல், கடனையா? உடு என்பது விண்மீனே, நிகண்டைப் பாருங்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.