டேட்டாஹப்பில் தரவு மூலங்களின் பதிவையும் கண்காணிப்பையும் எந்த வரிசையில் மாற்றுவது?

நெய்தல் கேட்டது:

வணக்கம். எங்கள் நிறுவனத்தில் தரவு ஆளுகைக்கு, எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று பட்டியலிடும் டேட்டாஹப் என்ற கேட்டலாக்கைப் பயன்படுத்துகிறோம். பல மைஎஸ்கியூஎல் சர்வர்களும் சில போஸ்ட்கிரெஸ் சர்வர்களும் தரவைத் தொடர் ஓட்டமாகக் கடத்தும் ஒரு காஃப்கா கிளஸ்டரும் அதில் பதிவாகியுள்ளன. ஒவ்வொரு மூலத்துக்கும் எதை எங்கிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லும், கையால் எழுதிய யாம்ல் ரெசிபி (அமைப்புக் கோப்பு) ஒன்று உண்டு. இரண்டு மண்டலங்களின் சர்வர்களிலும் 'பில்லிங்' என்ற பெயரிலேயே தரவுத்தளம் இருப்பதால், கேட்டலாக்கில் ஒன்றின் மேல் மற்றொன்று பதிந்து, இரண்டும் ஒரே அட்டவணைகளாகத் தெரிகின்றன. கண்காணிப்பு என்று எங்களிடம் இருப்பதோ, மூலங்களின் விவரங்களைப் படித்துக் கேட்டலாக்கில் சேர்க்கும் இன்ஜெஷன் வேலை வெற்றியாக முடிந்ததா என்று பார்ப்பது மட்டுமே. ஓர் அட்டவணைக்குப் புதிய பதிவுகள் வருவது நின்றுபோன பிறகும் அந்த வேலை ஒவ்வொரு இரவும் வெற்றி என்றே காட்டிக்கொண்டிருந்தது.

ரெசிபிகளில் பிளாட்ஃபார்ம் இன்ஸ்டன்ஸை (எந்தச் சர்வர் என்று பிரித்துக் காட்டும் பெயரை) சேர்ப்பது, இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவை (தரவுத்தளம் தன் அட்டவணைகளைப் பற்றித் தரும் விவரங்களை) படித்துத் தரவின் புதுமையைக் கண்காணிப்பது என்ற இரண்டையும் ஒரே மேம்படுத்தலில் செய்துவிடலாமா?

கலன்:

இரண்டையும் பிரித்துச் செய்யுங்கள். பதிவே முதலில் வர வேண்டும். டேட்டாஹப்பில் ஓர் அட்டவணையின் அடையாளம் யூஆர்என் எனப்படும் அதன் தனித்த அடையாளச் சரம்தான். பிளாட்ஃபார்ம், பெயர், சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. பிளாட்ஃபார்ம் இன்ஸ்டன்ஸைச் சேர்த்தவுடன் அது பெயரின் முன்னொட்டாக நுழைவதால், நேற்றுவரை இருந்த அட்டவணையை டேட்டாஹப் இன்று புதியதொன்றாகவே கருதும். உரிமையாளர், டேக், விளக்கக் குறிப்பு என உங்கள் குழுவினர் உழைத்துச் சேர்த்த அனைத்தும் பழைய யூஆர்என்னிலேயே தங்கிவிடும். என்னைப் பொறுத்தவரை ஒரு கேட்டலாக்கின் மதிப்பே அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. நெடுவரிசைப் பெயர்களை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் படித்துக்கொள்ளலாம்.

இதற்காகவே டேட்டாஹப்பின் கட்டளைவரியில் மைக்ரேட் கட்டளை ஒன்று உள்ளது. முதலில் அதை டிரை ரன் முறையில், அதாவது எதையும் மாற்றாமல், ஓட்டி, எவை இடம்பெயரும் என்று பாருங்கள். ஆனால், ஏற்கெனவே ஒன்றாகக் கலந்துவிட்ட 'பில்லிங்' அட்டவணைகளில் எந்த உரிமையாளர் எந்தச் சர்வருக்குரியவர் என்பதை எந்தக் கட்டளையாலும் கண்டுபிடிக்க முடியாது. அவற்றை அந்தந்தக் குழுவோடு உட்கார்ந்து கையால்தான் பிரிக்க வேண்டும்.

இன்ஸ்டன்ஸுக்குச் சர்வரின் ஹோஸ்ட்பெயரை வைக்காதீர்கள். சர்வரை மாற்றும் நாளில் இதே வேலை திரும்பவும் வரும். 'பில்லிங் தெற்கு' என்பதுபோல், இயந்திரம் மாறினாலும் மாறாத பெயரைச் சூட்டுங்கள். இடப்பெயர்ப்பு முடியும்வரை முந்தைய ஓட்டத்தை நினைவில் வைத்திருக்கும் ஸ்டேட்ஃபுல் இன்ஜெஷனின் பழைய மெட்டாடேட்டா நீக்கத்தை (இப்போது காணாத அட்டவணைகளின் விவரங்களை நீக்குவதை) அணைத்து வையுங்கள். அது செய்வது சாஃப்ட் டெலீட் என்பதால் தரவு அழியாது, ஆனால் தேடலில் அட்டவணைகள் மறைந்துபோய்ப் பயனர்கள் திகைப்பார்கள்.

எழில்:

பதிவைப் பற்றிக் கலன் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். கண்காணிப்பில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவை மட்டும் நம்ப வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். மைஎஸ்கியூஎல் 8 அந்தப் புள்ளிவிவரங்களைக் கேஷில் வைத்துக்கொள்கிறது; அதன் காலாவதி இயல்பாக 86,400 வினாடிகள், அதாவது ஒரு முழு நாள். ஆகவே காலையில் நின்றுபோன அட்டவணையைப் பற்றி மாலையில் கேட்டாலும், பழைய விடையே கிடைக்கக்கூடும். செஷன் அளவில் அந்தக் காலாவதியைச் சுழியமாக்கலாம். அப்போதும், மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி அட்டவணைகளின் கடைசி மாற்ற நேரம் சர்வர் மறுதொடக்கத்துக்குப் பின் நிலைப்பதில்லை. வரிசை எண்ணிக்கையும் தோராயமானதே. போஸ்ட்கிரெஸிலோ அட்டவணையின் கடைசி மாற்ற நேரம் என்று ஒன்று பதிவாவதே இல்லை.

மூலத்தை அடைய முடிகிறதா, அமைப்பு மாறியதா, தரவு வந்ததா என்ற மூன்றும் தனித்தனிக் கேள்விகள். இன்ஜெஷன் வேலை முதல் இரண்டுக்கு மட்டுமே விடை தரும். மூன்றாவதற்கு, அட்டவணையிலேயே உள்ள நேர நெடுவரிசையின் உச்ச மதிப்பைக் கேட்பதே நம்பகமான வழி. அந்த நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சோதனையும் முழு அட்டவணையையும் படிக்கும். ரெப்ளிகாவில் (சர்வரின் நகலில்) கேட்பதாக இருந்தால், ரெப்ளிகா பின்தங்கியிருப்பதையும் தரவு வராததையும் பிரித்தறிய வேண்டும். முழு புரொஃபைலிங்கை, அதாவது நெடுவரிசைகளின் மதிப்புகளை அலசிப் புள்ளிவிவரம் எடுப்பதை, நேரடி சர்வரில் ஓட்டவே வேண்டாம்.

நெய்தல்:

இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் இன்ஸ்டன்ஸ் பெயர்களை முடிவு செய்து, 'பில்லிங்' அட்டவணைகளைக் கையால் பிரிக்கிறோம். இன்னும் ஓர் ஐயம். வரி விகிதம், மாவட்டக் குறியீடு போன்ற அட்டவணைகள் மாதக்கணக்கில் மாறாமல் இருப்பதே இயல்பு. அவற்றுக்கும் இதே சோதனையா?

எழில்:

வேண்டாம். எவ்வளவு நேரத்துக்குள் புதிய பதிவு வர வேண்டும் என்பதை அந்தந்த அட்டவணையின் உரிமையாளரே குறிக்கட்டும். குறிக்காதவற்றுக்கு எச்சரிக்கை அனுப்பாதீர்கள், ஏனெனில் பொய் எச்சரிக்கைகள் பெருகினால் உண்மையான எச்சரிக்கையையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. காஃப்கா டாபிக்குகளுக்கு (செய்தி ஓட்டங்களுக்கு) நேர நெடுவரிசை தேவையில்லை. டாபிக்கின் பகுதியான ஒவ்வொரு பார்ட்டிஷனின் கடைசி ஆஃப்செட் (செய்தியின் வரிசை எண்) முன்னேறுகிறதா என்று பார்த்தால் போதும்.