'போலிச் சொற்பிறப்பு' வேண்டாம், 'பெயர்க்காதை' என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

விவிலியம் ஓர் ஊருக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்று தானே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறதே, அந்த விளக்கத்துக்கு நம் கலைச்சொற்பட்டியலில் 'போலிச் சொற்பிறப்பு' என்று போடலாம் என நம் குழுவில் ஐயா முன்வைத்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாபேலையே, அதாவது பாபிலோனையே, எடுத்துக்கொள்வோம். ஆதியாகமம் 11:9 அந்தப் பெயரை 'பாலல்' என்ற எபிரேய வினையோடு சேர்க்கிறது. குழப்புதல், கலந்துவிடுதல் என்று பொருள். பாபிலோனியர் பேசிய அக்காடிய மொழியிலோ அது 'பாப்-இலி', கடவுளின் வாயில். பாபிலோனியர் பெருமையாகச் சொன்ன பெயரை, அதே ஒலியை வைத்தே எபிரேயர் குழப்பமாக்கிவிட்டார்கள். என் வாசிப்பில் இது வேரைத் தேடித் தவறியவரின் வேலை இல்லை. தெரிந்தே ஒலியில் கைவைத்த ஒருவரின் வேலை. 'போலி' என்று சொன்னால் அந்தத் திறம் முழுவதும் மறைந்துபோகும். 'பாப்-இலி'யே அதைவிடப் பழைய ஒரு பெயர்மீது பின்னாளில் ஏற்றிய விளக்கம்தான் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அப்புறம் எதைப் போலி என்பது?

பெயெர்செபா இன்னும் அழகு. முன்பாதி கிணறு. பின்பாதி ஏழு என்ற எண். ஆணையிடுதலைக் குறிக்கும் எபிரேய வினைக்கும் அதே மூன்று மெய்கள்தான். ஆதியாகமம் 21இல் ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார், அரசன் அபிமெலேக்கும் அவரும் ஆணையிட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பொருளும் ஒரே காட்சியில்! 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் வேலைக்காரர்கள் தண்ணீர் கண்ட நாளில் அதே ஊர் மறுபடியும் பெயர் பெறுகிறது. ஊர் ஒன்று, கதை இரண்டு. ஆகவே கதைக்கு ஒரு சொல், மொழியியல் காட்டும் மூலத்துக்கு வேறொரு சொல் என்று நமக்கு இரண்டு வேண்டும்.

அந்த விளக்கத்துக்கு நம் குழுவில் அக்கா சொன்ன 'காரணப்பெயர்' நல்ல சொல், நன்னூலிலேயே இருக்கிறது. ஆனால் அது பெயரின் வகையைக் குறிக்கிறது, விளக்கத்தை இல்லை. 'தலபுராணம்' கோயிலோடு ஒட்டிக்கொண்ட சொல்.

முதலில் 'பெயர்க்கதை' என்றுதான் நினைத்தேன். 'கதை விடாதே' என்று நாம் பேசுவது நினைவுக்கு வந்ததும் தயங்கினேன். வேதமாக வாசிப்பவர்களுக்கு அது பொய் என்ற தொனியைத் தரும். 'காதை'யில் அந்தக் கறை இல்லை. எனவே விளக்கத்துக்குப் 'பெயர்க்காதை', மூலத்துக்குப் 'பெயர்வேர்'. வேர் எப்போதும் கைக்கு அகப்படாது என்பது வேறு விஷயம். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்று தொல்காப்பியர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சரி, வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம். 'கில்கால் என்ற ஊரின் பெயர்க்காதை யோசுவா 5:9இல் வருகிறது. எகிப்தின் நிந்தை உருட்டித் தள்ளப்பட்டதை அது சொல்கிறது. பெயர்வேர் வட்டமாக நிறுத்திய கற்களைக் குறித்திருக்கலாம்.' எனக்குத் தடுக்கவில்லை. உங்களுக்கு எங்காவது இடறினால், சொற்பட்டியலில் ஏற்றும் முன் எழுதுங்கள். 'பெயர்வேர்' என்பதை இலக்கணத்தில் வினைச்சொல்லின் வேரைக் குறிக்கும் வினைப்பகுதியோடு குழப்பிக்கொள்வார்களோ என்று ஒரு சின்னக் கவலை எனக்கே இருக்கிறது.