சங்கிலியை இழுக்கும் சிப்பிப்பாறை: சுண்டி அடக்குவதா, நின்று பழக்குவதா?

குடமுருட்டிக்கரை:
எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ஒன்றரை வயது. ஆற்றங்கரையில் சங்கிலியோடு அழைத்துப் போனால் தோள் கழன்றுவிடும்போல் இழுக்கிறான். குறுவை அறுத்த வயலில் வாத்து மந்தை இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சுருக்குச் சங்கிலி போடு என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். போடலாமா?

வெண்ணாறு:
தாராளமாகப் போடுங்கள். இழுக்கும்போது ஒரு சுண்டு சுண்டினால் நாலு நாளில் படிந்துவிடும். எங்கள் வீட்டில் மூன்று நாய்கள் அப்படித்தான் பழகின.

அரசலாறு:
வெண்ணாறு அண்ணே, இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சுருக்கு இறுகுவது மூச்சுக்குழாய் மேல். சிப்பிப்பாறைக்கோ நீண்ட, மெல்லிய கழுத்து. வாத்தைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், வாத்து வந்தாலே வலி வரும் என்று நாய் முடிவு கட்டிவிடும். அப்புறம் குரைத்துப் பாயவும் ஆரம்பிக்கும்.

நாய் ஏன் இழுக்கிறது? இழுத்தால் நாமும் பின்னாலேயே போகிறோம், அதுதான் அதற்குக் கூலி. கூலியை நிறுத்துங்கள். சங்கிலி விறைத்ததும் அப்படியே நின்றுவிடுங்கள். அதட்ட வேண்டாம், பதிலுக்கு இழுக்கவும் வேண்டாம். அது திரும்பிப் பார்த்து சங்கிலி தொய்ந்தவுடன் நடங்கள். பக்கத்திலேயே வந்தால் தொடையோரம் கையை இறக்கி, அவித்த ஈரலில் ஒரு துண்டு கொடுங்கள். முதல் வாரம் தெருமுனைக்குப் போகவே அரை மணி ஆகும். ஆகட்டும்.

வெண்ணாறு:
விடிந்ததும் மடை திறக்கப் போகிறவனுக்கு அரை மணி நிற்க ஏது நேரம்? வரப்பில் நாய் இழுத்தால் நான் சேற்றில் கிடப்பேன். இன்னொன்று, சிப்பிப்பாறைக்குத் தலை சிறியது. சாதாரணக் கழுத்துப்பட்டை போட்டால் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். ரோட்டில் லாரி வந்தால் யார் பொறுப்பு?

அரசலாறு:
பட்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க சரி. அதற்குத்தான் மார்ட்டிங்கேல் என்ற அகலத் துணிப்பட்டை இருக்கிறது. அளவாகப் பூட்டினால் தலை உருவ முடியாத அளவுக்கு மட்டும் இறுகி நிற்கும், குரல்வளையை நெரிக்காது. நேரமில்லாத நாளில் நெஞ்சுப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் பூட்டும் வார், மாட்டுங்கள். இழுத்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பும், இழுப்பு குறையும். ஆனால் பழகும் வரை வரப்பு வேண்டாம், கொல்லையில் தொடங்குங்கள். இன்று நின்று நாளை பின்னாலேயே ஓடினால், விடாமல் இழுத்தால் பலன் உண்டு என்றுதான் அது கற்கும்.

இது கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை இனம். வேலி அடைத்த இடத்தில் முதலில் ஓடவிட்டு, அப்புறம் சங்கிலி மாட்டுங்கள். ஓடித் தீர்க்காத நாயிடம் பொறுமையைக் கேட்பது அநியாயம்.

வெண்ணாறு:
சுண்டுவதே தவறு என்பதை இன்னும் நான் ஏற்கவில்லை தம்பி. துணிப்பட்டையை வாங்கிப் பார்க்கிறேன்.

குடமுருட்டிக்கரை:
மாலையில் கொல்லையில் தொடங்கினேன். கிணற்றடி வரை போவதற்குள் பதினோரு முறை நின்றேன். கடைசி இரண்டு முறை அவனே திரும்பிப் பார்த்தான். வாத்து மேய்ப்பவரிடம் அடுத்து எந்த வயல் என்று கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கமே போவதில்லை.