மறு: கலர் லைட்டின் பருவகால ஏற்பாட்டுக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். கலர் லைட்டை, அதாவது சந்தியில் நிற்கும் வீதிச் சமிக்ஞை விளக்கை, பருவத்துக்கு ஏற்ப மாற்றிப் பராமரிப்பதற்குக் கையேட்டில் என்ன தமிழ்ச்சொல் எழுதலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'பருவகாலச் சமிக்ஞைத் திட்டமிடல்' என்றே வைத்துவிடலாம். எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

எல்லாம் அடங்கிவிடுவதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது, அண்ணா. அதற்குள் மூன்று வேலைகள் கிடக்கின்றன. மூன்றுக்கும் காலம் வேறு, காரணமும் வேறு.

அந்த வேலைகளுக்கு முன், 'பருவம்' என்ற சொல்லையே பார்ப்போம். நுவரெலியாவில் சீசன் என்றால் ஏப்ரல். ஹட்டனில் சீசன் என்றால் சிவனொளிபாத யாத்திரை, டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் போயா வரை. கண்டிக்குப் பெரஹரா நாட்கள், ஜூலை அல்லது ஆகஸ்ட்டில். இவை சனம் கூடும் பருவங்கள். மழையின் கணக்கு வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன் பக்கச் சரிவை நனைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவக்காற்று டிசம்பரில்தான் வந்து சேரும். மலையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாட்காட்டி போட முடியாது.

இனி முதல் வேலை. சனம் கூடும்போது மாற்றுவது பச்சை நேரத்தை. எல்லா வீதிக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் ஒரு சுற்றில் இருக்கும் செக்கன்களை எந்த வீதிக்கு எவ்வளவு கொடுப்பது என்பதுதான் வேலை. இதற்குப் 'பருவப் பங்கீடு' என்று சொல்லலாம். 'திட்டமிடல்' என்றால் யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவது போல இருக்கிறது. பங்கீடு என்றதும் ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும் என்பது புரிந்துவிடும்.

இரண்டாவது வேலை பாதுகாப்பு. மஞ்சளும், எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் அந்தச் சிறு இடைவெளியும் பங்கீட்டுக்குள் வரவே கூடாது. நான் இங்கே பிடிவாதமாக நிற்பது இதற்காகத்தான். மஞ்சளின் நீளத்தை வேகமும் சரிவும் தீர்மானிக்கின்றன. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் வாகனத்துக்குச் சமதரையில் வழக்கமான சூத்திரம் சுமார் 2.8 செக்கன் மஞ்சள் தருகிறது. அதே வாகனம் 100 மீற்றருக்கு 8 மீற்றர் இறங்கும் வீதியில் வந்தால் சுமார் 3.5 செக்கன் வேண்டும். சாரதி சுதாரிக்க 1 செக்கன், பிரேக்கின் வேகக்குறைப்பு செக்கனுக்குச் செக்கன் 3.05 மீற்றர் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஈர வீதியில், பாரம் ஏற்றிய லொறிக்கு இதுவும் போதாமல் போகலாம். சீசன் நெரிசல் என்று சொல்லி இதில் அரைச் செக்கன் திருடினால் நடுச்சந்தியில் மோதல்தான். ஆகவே இதற்குத் தனிச்சொல் வேண்டும்: 'காப்பு நேரம்'. கையேட்டில் 'பங்கீடு மாறலாம், காப்பு நேரம் குறையக் கூடாது' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

> சந்தி காலியாகும் நேரம்தானே, 'ஒழிவு நேரம்' போதாதா?

பொருள் சரிதான் தங்கச்சி. ஆனால் ஒழிவு நேரம் என்றால் நம் ஆட்கள் ஓய்வு நேரம் என்றுதான் படிப்பார்கள்.

மூன்றாவது பராமரிப்பு. இதை 'மழைமுன் பராமரிப்பு' என்றே சொல்லிவிடலாம், விளக்கம் தேவைப்படாது. வாகனம் வந்து நிற்பதை அறியத் தாரில் வெட்டிப் பதித்த கம்பிச் சுருளின் மேற்பூச்சு வெடித்தால் தண்ணீர் இறங்கும். அப்புறம் வாகனம் இல்லாமலே இருப்பதாகக் காட்டும், அல்லது வந்து நின்றாலும் தெரியாது. கெமரா வைத்த இடத்தில் பனிமூட்டம் அதே வேலையைச் செய்யும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் அதிகம் என்பதால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நிலத்தொடுப்பை (எர்த் கம்பியை) அதற்கு முன்பே பார்க்க வேண்டும். விளக்கை மறைக்கும் கிளைகளையும் அப்போதே வெட்டிவிடலாம்.

'சமிக்ஞை'யா 'கலர் லைட்'டா என்ற சண்டையை நீட்ட வேண்டாம். அறிவிப்பில் முன்னது, பேச்சில் பின்னது என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கம்பிச் சுருளுக்கு 'வீதிச்சுருள்' என்று எழுத நினைக்கிறேன். மின்வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து