பிராக்கெட்டிங்: ‘படியடுக்கு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

எச்.டி.ஆருக்கு (வெயிலையும் இருட்டையும் ஒரே படத்தில் தெரியவைக்கும் உத்தி) ‘உயர் இயங்கு வீச்சு’ சரியா என்ற பஞ்சாயத்து இப்போதைக்கு ஓயாது. அதை விடுங்கள், எனக்கு அவசரமாக வேண்டியது பிராக்கெட்டிங்குக்கு, அதாவது ஒரே காட்சியை ஒளியளவைக் கூட்டியும் குறைத்தும் பல படங்களாக எடுப்பதற்கு, ஒரு தமிழ்ச் சொல். பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன், பக்கத்துக்குப் பக்கம் இதுதான் வருகிறது.

2003-இல் வந்த கேனன் 300டி-யில் எச்.டி.ஆர். வசதி கிடையாது. சன்னலுக்கு வெளியே அடிக்கும் வெயிலும் அறையின் இருட்டு மூலையும் ஒரே படத்தில் தெரிய வேண்டுமானால், முக்காலியில் நிறுத்தி, அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பு) அசைக்காமல், ஏ.இ.பி.யைப் (கேமராவே தானாக ஒளியளவை மாற்றும் பிராக்கெட்டிங் வசதி) போட்டு மூன்று படம் எடுக்க வேண்டும். நடுப்படம் 1/60 நொடி என்றால், இரண்டு ஸ்டாப் (ஒளியளவின் அலகு) குறைத்தது 1/250, கூட்டியது 1/15. நிக்கான் டி40-இல் ஏ.இ.பி.யும் இல்லை, மேனுவலில் வைத்து ஷட்டர் வேகத்தை நாமே மாற்றணும். பிறகு கணினியில் மூன்றையும் இணைக்கிறோம்.

‘அடைப்பிடல்’ என்றால் அடைப்புக்குறிதான் நினைவுக்கு வருகிறது. ‘ஒளிப்படி’யை ஏற்கெனவே ஜெராக்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டாப்பைப் ‘படி’ என்று வைத்துக்கொண்டு (ஒரு படி ஏறினால் ஒளி இரு மடங்கு) ‘படியடுக்கு’ என்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

---

‘படி’ அருமை ஐயா. ‘அடுக்கு’தான் இடிக்கிறது. அடுக்குவது என்றால் ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. அது கணினியில் நடக்கும் வேலை. ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் பிராக்கெட் செய்தவர்கள் எதையும் இணைக்கவில்லையே! அரை ஸ்டாப் தவறினாலும் ஸ்லைடு வீண் என்பதால், முன்னும் பின்னும் எடுத்து வைத்து, நல்லதைப் பொறுக்கினார்கள். எடுப்பதற்கு ஒரு சொல், இணைப்பதற்கு வேறு சொல் இருக்கட்டும். ‘படிவரிசை’ எப்படி?

---

வரிசையே இருக்கட்டும். ஃபோகஸை நகர்த்தி எடுப்பதையும் ‘குவியப் படிவரிசை’ என்று சொல்லிக்கொள்ளலாம். ‘அடுக்கு’ம் வீண்போகாது, இணைக்கும் வேலைக்கு ‘அடுக்கிணைப்பு’ என்று வைத்துக்கொள்கிறேன். கையேட்டில் இப்படிப் போட்டுப் பார்த்தேன்: “கேமராவைப் படிவரிசைக்கு மாற்றி, மூன்று படமும் விழும்வரை முக்காலியைத் தொடாதீர்கள்.” வாசிக்கத் தட்டவில்லை. ஏ.இ.பி.க்குத் ‘தன்படிவரிசை’ என்றால் மட்டும் நாக்கு சுளுக்குகிறது. யாராவது சுருக்கித் தாருங்கள்.